பால் டின்னும் டாக்டர் அம்மையாரும்

கடை வைத்திருக்கும் நம்மவர் எவரிடமும் பால் டின் இல்லாமல் இராது. பிரிக்பீல்ட்ஸில் உள்ள நமது மளிகைக் கடையிலும் அப்படியே. தேத்தண்ணிக் கடைக்காரர்கள் பெட்டிக் கணக்கில் வாங்குவார்கள். வீட்டுக்காரர்கள் ஒன்றிரண்டாக வாங்குவார்கள். வருடம் முழுவதும் தேங்காமல் ஓடும் சரக்கு அது. அந்த டின்னைப் பற்றி ஒரு நாளும் நாம் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு தாதி.

பதினைந்து வருடங்களுக்கு முன், அடுக்குமாடி வீட்டில் குடியிருந்த ஒரு பெண்மணி நமது கடையில் கடன் கணக்கு வைத்திருந்தார். புருஷன் லோரியில் வேலை செய்தவர். வாரம் தவறாமல் பால் டின் எடுப்பார். சம்பளம் வந்ததும் பாக்கியைத் தீர்த்துவிடுவார். நல்ல கணக்கு என்று நாமும் சந்தோஷமாக எழுதி வந்தோம். ஒரு நாள் காலை சர்க்கார் கிளினிக்கிலிருந்து தாதி ஒருவர் கடைக்குள் வந்தார். அந்தப் பெண்மணி எந்தப் பாலை வாங்குகிறார் என்று கேட்டார். நாம் டின்னை எடுத்துக் காட்டினோம். அவர் அதைத் திருப்பி, ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். கைக்குழந்தைக்கு இது ஏற்றதல்ல என்று மலாயில் அச்சடித்திருந்தது. வருடக்கணக்கில் விற்ற சரக்கு. அந்த வரியை நாம் படித்ததே இல்லை.

ஏழு மாதக் குழந்தைக்கு அந்தத் தாய் இதைத்தான் வெந்நீரில் கரைத்துப் புகட்டி வந்திருக்கிறார். குழந்தையின் கால் வீங்கிவிட்டது. வீக்கத்தைச் சதைப்பிடிப்பு என்று நினைத்து மகிழ்ந்திருந்தார்களாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து, அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை பிழைத்துக்கொண்டது. தாதி நம்மை ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. இந்த நாட்டில் எழுபது வருடத்துக்கு முன்னமே ஒரு டாக்டர் அம்மையார் இதைச் சொல்லிவிட்டுப் போனார் என்று மட்டும் சொல்லி, அவர் பெயரையும் சொன்னார். அந்தப் பெயரை நாம் மறக்கவில்லை. விசாரித்தும், தெரிந்தவர்களைப் படித்துச் சொல்லச் செய்தும் அறிந்த அவருடைய வரலாற்றைச் சங்கத்துச் சகோதரர்கள் முன் வைக்கிறோம். இப்போது எழுத நேர்ந்த காரணத்தை முடிவில் சொல்வோம்.

பிறப்பும் படிப்பும்

ஸிஸிலி வில்லியம்ஸ் அம்மையார் 1893ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி ஜமைக்காத் தீவில் பிறந்தார். கரும்பும் வாழையும் விளையும் பூமி அது. வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. தகப்பனார் அத்தீவின் கல்வித் துறைக்குத் தலைவராக இருந்தவர். பதின்மூன்றாம் வயதில் மகளைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது வயதில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் இடம் கிடைத்தும், தீவில் பூகம்பமும் புயலும் அடித்துக் குடும்பம் சிரமத்தில் இருந்ததால், படிப்பைத் தள்ளிவைத்துப் பெற்றோருக்கு உதவியாகத் திரும்பிப் போனார். 1916இல் தகப்பனார் இறந்த பிறகே ஆக்ஸ்போர்டில் வைத்தியம் படிக்கச் சென்றார்.

அக்காலத்தில் பெண்களுக்கு வைத்தியப் படிப்பில் எளிதில் இடம் தருவதில்லை. முதல் உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போய் டாக்டர்களுக்குப் பஞ்சம் வந்ததால்தான் கதவு கொஞ்சம் திறந்தது. 1923இல் அவர் டாக்டராகத் தேறியபோது யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பியிருந்தார்கள்; பெண் டாக்டருக்கு வேலை கிடைப்பது மறுபடியும் கஷ்டமாயிற்று. கிழக்கு லண்டனில் ஏழைகள் நெருங்கி வாழும் பகுதியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலைக்கு அமர்ந்தார். தம் ஆயுள் முழுவதும் கைவிடாத ஒரு பாடத்தை அங்கேதான் கற்றார். பிள்ளையின் நோயை அறிய வேண்டுமானால் அது வாழும் வீட்டையும், உண்ணும் உணவையும், தாயின் நிலையையும் அறிய வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

ஆப்பிரிக்காவில்

1929இல் பிரிட்டிஷ் சர்க்கார் அவரை மேற்கு ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் என்ற நாட்டுக்கு அனுப்பியது. இன்று அதற்குக் கானா என்று பெயர். அவருக்குக் கொடுத்த உத்தியோகத்தின் பெயரே பெண் வைத்திய அதிகாரி என்பது. சம்பளம் ஆண் அதிகாரியைவிடக் குறைவு. அவர் அதைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடங்கினார்.

அங்கே ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக ஒரே மாதிரியான நோயில் விழுவதைக் கண்டார். கை கால் வீங்கும், வயிறு உப்பும், தோல் கறுத்து உரியும், தலைமுடி செம்பட்டையாகும், பிள்ளை சோர்ந்து சுருண்டுவிடும். பெரிய டாக்டர்கள் இதை வேறொரு பழைய வியாதி என்று சொல்லி வந்தார்கள். அம்மையாரோ உள்ளூர்த் தாய்மாரிடம் போய்க் கேட்டார். அவர்கள் தங்கள் பாஷையில் குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்திய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். காரணம் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. புதுக் குழந்தை வந்ததும் மூத்ததைத் தாய்ப்பாலிலிருந்து நிறுத்தி, வெறும் சோளக் கஞ்சியில் வளர்க்கிறார்கள். வயிறு நிறைகிறது, உடம்பைக் கட்டும் புரதச் சத்து சேருவதில்லை. படித்தவர்கள் கண்டறியாததை எழுத்தறியாத தாய்மார் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள்.

1933இல் இதை ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். லண்டனில் இருந்த பெரியவர் ஒருவர் அதை மறுத்தார். 1935இல் தாய்மார் சொன்ன பெயரையே தலைப்பாக வைத்து லான்ஸெட் பத்திரிகையில் மறுபடியும் எழுதினார். இன்று உலகத்து வைத்திய நூல்களிலெல்லாம் அந்த ஆப்பிரிக்கப் பெயரே நிற்கிறது.

அவர் செய்த மற்றொரு வேலை நமது விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோயாளியை எதிர்பார்த்தால் பாதிப் பிள்ளைகள் வருமுன்னே இறந்துவிடும் என்று கண்டு, உள்ளூர்ப் பெண்களைத் தாதிகளாகப் பழக்கினார். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். நோயில்லாத குழந்தையையும் தூக்கி வரச் சொல்லி நிறுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை போட்டு எழுதி வைத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் பிரசவத்துக்குப் பின் கிளினிக்குக்குப் பத்திரமாக எடுத்துப் போகும் பிள்ளைப் புத்தகமும் அதே எண்ணத்தில் அமைந்ததுதான். கடைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேரேடு இல்லாத கடையில் நஷ்டம் எப்போது தொடங்கியதென்று தெரியாது.

நோய் தீர்ப்பதும் நோய் வராமல் காப்பதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்பது அம்மையாரின் பிடிவாதம். மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. பிணக்கு முற்றி, 1936இல் அவரை மலாயாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

சிங்கப்பூரில் ஒரு பேச்சு

சிங்கப்பூரில் வைத்தியக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே குழந்தைகளைப் பார்த்து வந்தார். ஆப்பிரிக்காவில் பால் மறந்த பிள்ளைகள் நோயுற்றார்கள்; இங்கோ பிறந்து சில மாதங்களேயான சிசுக்கள் இறந்தார்கள். விசாரித்ததில் பால் டின் வெளிவந்தது.

அக்காலத்தில் சில பால் கம்பெனிகள் பெண்களுக்குத் தாதி போல் வெள்ளை உடுப்பு அணிவித்து, ஏழைகள் குடியிருக்கும் வீடுகளுக்கு அனுப்பின. அவர்கள் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய், தாய்ப்பாலைவிட டின் பால் நாகரிகமானது, பிள்ளை கொழுகொழுவென்று வளரும் என்று நம்பச் செய்தார்கள். தாய் ஒரு வாரம் டின் பால் புகட்டினால் அவளுடைய மார்பில் பால் வற்றத் தொடங்கும். அதன் பிறகு அவளுக்கு வேறு வழியில்லை. கடைக்குத்தான் வர வேண்டும். காசு குறைந்தால் ஒரு கரண்டிக்கு அரைக் கரண்டி போட்டுத் தண்ணீரை ஊற்றுவாள். தண்ணீர் சுத்தமில்லை, போத்தல் சுத்தமில்லை. பேதி வரும். கெட்டிப்பாலிலோ ஏறக்குறையப் பாதி சர்க்கரை. கொழுப்பெடுத்த பாலில் செய்த டின்னாக இருந்தால் கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமினும் இராது. அதனால் பார்வை போன குழந்தைகளும் உண்டு.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தார் அவரைப் பேச அழைத்தார்கள். சபையில் இருந்தவர்கள் வியாபாரப் பிரமுகர்கள். தலைமை வகித்தவரே ஒரு பெரிய பால் கம்பெனியின் தலைவர். சர்க்கார் சம்பளம் வாங்கும் ஓர் உத்தியோகப் பெண் அத்தகைய சபையில் இதமாகப் பேசி, விருந்துண்டு திரும்பியிருக்கலாம். அம்மையார் தம் பேச்சுக்குப் பாலும் கொலையும் என்று தலைப்பு வைத்தார். பொய்ப் பிரசாரத்தால் சிசுக்கள் மடிவதை அறியாமை என்று சொல்லி விட்டுவிட முடியாது. அதைக் கொலையாகவே கணக்கிட வேண்டும் என்ற கருத்தை முகத்துக்கு நேராகச் சொன்னார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. ஏறக்குறைய நமது வயது. இதை எழுதும்போது அந்த எண்ணம் நமக்கு வராமல் இல்லை.

சிறையில்

1941இல் அவரைத் திரங்கானுவுக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கவே, காடும் மேடுமான வழியே தப்பிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது. மற்ற வெள்ளைக்காரர்களுடன் அவரையும் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். அங்கும் டாக்டர் வேலையைத் தொடர்ந்தார். பெண்கள் பகுதிக்குப் பொறுப்பாளராகவும் இருந்தார்.

1943 செப்டம்பரில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வெடித்து மூழ்கின. சாங்கிக் கைதிகளே உளவு சொன்னார்கள் என்று சந்தேகித்த ஜப்பானிய ராணுவப் போலீஸார், அக்டோபர் 10இல் சிறையைச் சோதனையிட்டுப் பலரைப் பிடித்துப் போனார்கள். அதைத் தொடர்ந்து அம்மையாரும் கொண்டுபோகப்பட்டார். மாதக்கணக்கில் கூண்டு போன்ற அறையில் ஆண்களும் பெண்களுமாக அடைபட்டு, பட்டினியும் விசாரணைக் கொடுமையும் அனுபவித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் செத்து விழுவதைப் பார்த்தார். 1945இல் யுத்தம் முடிந்தபோது அவரும் சாகும் தறுவாயில் இருந்தார். பெரிபெரி நோயால் கெட்ட கால்களின் உணர்ச்சி பிறகும் முழுமையாகத் திரும்பவில்லை.

அந்தச் சிறையில் ஓர் அதிசயம் நடந்தது. அங்கே இருபது குழந்தைகள் பிறந்தன. பால் டின் வாங்க வழியில்லை. தாய்மாரோ எலும்பும் தோலுமாக இருந்தார்கள். இருபது குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன. வெளியே செல்வம் கொழித்த சிங்கப்பூரில் டின் பால் குடித்து மடிந்த சிசுக்களையும், பட்டினிச் சிறையில் பிழைத்த இந்த இருபதையும் சேர்த்துப் பார்த்தால் வேறு சாட்சி எதற்கு? நமது மார்க்கத்தில் பாலூட்டும் காலத்துக்கு இரண்டு வருடம் என்று கணக்கு வகுத்திருப்பதன் அருமையை, அதைப் படிக்காத ஓர் அம்மையாரின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

உலக வேலை

தேறியதும் சொந்த நாட்டில் ஓய்வெடுக்காமல், 1946இல் மலாயாவுக்கே திரும்பித் தாய் சேய் நலப் பகுதிக்குத் தலைமை ஏற்றார். 1948இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் தொடங்கியபோது, அதன் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராக அவரையே நியமித்தார்கள். மலாயாவில் கண்டதும் பட்டதும் அவரோடு உலக சபைக்குப் போயிற்று என்று சொல்லலாம். பின்பு பல நாடுகளில் படிப்பித்தார். 1959 முதல் 1964 வரை பெய்ரூட் நகரத்து அமெரிக்கச் சர்வகலாசாலையில் தாய் சேய் நலப் பேராசிரியராக இருந்தார். காஸாவில் அகதிகளாயிருந்த பலஸ்தீனக் குழந்தைகளுக்காகவும் பாடுபட்டார். அறுபத்தைந்து வயதில் தொடங்கிய வேலை இது. நம்மில் பலர் அந்த வயதில் கடைச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறோம்.

போன இடமெல்லாம் அவர் பேசியது தாதிகளைப் பற்றியே. டாக்டர் பார்ப்பது சில நிமிஷம்; வீட்டுக்குப் போகும் தாதியோ அடுப்பைப் பார்க்கிறாள், தண்ணீர்க் குடத்தைப் பார்க்கிறாள், மாமியாரின் பேச்சையும் கேட்கிறாள். ஆகவே பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக்குமுன் நல்ல தாதிகளை உண்டாக்குங்கள் என்பது அவர் கொள்கையின் சாரம்.

டின் பால் வழக்கு அவர் ஆயுளிலேயே ஒருவாறு தீர்ப்புக்கு வந்தது. மலேசியாவில் 1979இல் குழந்தைப் பால் விற்பனைக்கு ஒழுக்க விதிகள் வந்தன. 1981 மே மாதம் உலகச் சுகாதார மகாசபை தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் பொருள்களின் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. அம்மையாருக்கு அப்போது வயது 87. சிங்கப்பூர்ப் பேச்சுக்கும் இதற்கும் இடையே 42 வருடங்கள் ஓடியிருந்தன. 1992 ஜூலை 13ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் தம் 98ஆம் வயதில் காலமானார். அவர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அவரால் பிழைத்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை.

நமது காரியம்

1957இல், மலாயா சுதந்திரம் பெற்ற வருடத்தில், உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அது சுமார் ஏழுக்கு இறங்கியிருக்கிறது. சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, கிளினிக்குகள் என்று பல காரணங்கள் உண்டு. கம்பத்திலும் தோட்டத்திலும் நடந்து போன தாதிகளின் கால்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. 2018இல் யூனிசெப் ஸ்தாபனம் கோலாலம்பூர்ப் பகுதியின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் ஆராய்ந்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருப்பது தெரிந்தது. இது தூரதேசத்துக் கணக்கல்ல. நமது கடை வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் மாடிகளின் கணக்கு.

இனி, இதை எழுதிய காரணம். சென்ற நோன்புப் பெருநாளில் கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். எஸ்.பி.எம். தேறியிருந்த அக்கா மகள், தாதியாகப் படித்துப் பிறகு குழந்தைத் தாதியாக வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். மச்சானுக்குச் சம்மதமில்லை. இராத்திரி வேலை, அந்நியரைத் தொட்டுப் பார்க்கும் வேலை, நாளைக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் என்ன சொல்வார்கள் என்று கவலைப்பட்டார். மாமா சொன்னால் பிள்ளை கேட்பாள், நீங்கள் எடுத்துச் சொல்லி நிறுத்துங்கள் என்று நம்மிடமே ஒப்படைத்தார்.

நாம் அவளை நிறுத்தவில்லை. மச்சானை உட்கார வைத்து, மேலே எழுதியதைத்தான் நமக்குத் தெரிந்த மட்டும் சொன்னோம். நமது கடைக்கு வந்த தாதியையும் வீங்கிய காலோடிருந்த பிள்ளையையும் சொன்னோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அடித்துக் காயம்பட்டவர்களைப் பராமரித்த ருஃபைதா அம்மையாரையும் நினைவுபடுத்தினோம். நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் என்றால் பெண் தாதி வேண்டுமென்று கேட்கிறோம். நம் வீட்டுப் பெண் தாதியாகக் கூடாது என்றால் அவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டோம். மச்சான் வெகுநேரம் பேசவில்லை. அஸருக்குப் பாங்கு சொல்லவும் எழுந்துகொண்டார். இரண்டு வாரம் கழித்துப் போனில் கூப்பிட்டு, விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று கேட்டார்.

பிள்ளைகளின் தகப்பன்மார் அறியும் பொருட்டு வழியைச் சுருக்கமாகச் சொல்கிறோம். எஸ்.பி.எம். தேறியபின் மூன்று வருட டிப்ளோமா. பிறகு தாதியர் வாரியத்தில் பதிவு. சில வருட அனுபவத்துக்குப் பின் குழந்தை வைத்தியத் தாதிமையிலோ பொதுச் சுகாதாரத் தாதிமையிலோ மேற்பயிற்சி. எளிய படிப்பல்ல. விஞ்ஞான பாடத்தில் இப்போதே கவனம் வேண்டும்.

கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கெட்டிப்பாலை விற்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேத்தண்ணிக்கு அது வேண்டும். ஆனால் கைக்குழந்தையோடு வரும் தாய் அதைக் கேட்டால், பிள்ளைக்கா என்று ஒரு தடவை கேளுங்கள். ஆமென்றால், டின்னைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைக் காட்டி, கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். ஒரு டின்னின் லாபம் சில காசுதான். நமது கடையில் பால் டின் அடுக்கும் தட்டின் மேல் பெரிய எழுத்தில் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டிவிட்டோம். பதினைந்து வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. நமது பிழையை அல்லாஹ் பொறுப்பானாக.

அக்கா மகள் அடுத்த வகுப்பில் சேருகிறாள். நேயர்கள் துஆச் செய்யுங்கள்.